கட்டுப் பிரிக்கும் நேரத்தில் ஒரு பாட்டு

தீக்காய வார்டில் படுத்துக் கிடந்தவர்களிடம் எந்த வலி பொறுக்க முடியாதது என்று கேட்டால், தீ பட்ட நொடியைவிட டிரெஸ்ஸிங் நேரத்தைச் சொல்பவர்கள் உண்டு. மேலோட்டமான தீக்காயத்தில் நரம்பு நுனிகள் மேல்தோல் இல்லாமல் உயிரோடு திறந்து கிடக்கின்றன. காய்ந்து ஒட்டிய துணியை உப்புநீரில் நனைத்து உரிக்கும்போது அத்தனை நுனிகளும் ஒரே சமயத்தில் தூண்டப்படுகின்றன. (தோல் முழுக்க வெந்த ஆழமான காயத்தில் நரம்பும் கருகிவிடுவதால், நடுவில் வலி குறைவு; ஓரங்களில்தான் உயிர் போகிற வலி.) இரண்டாம் நாள் டிரெஸ்ஸிங் வண்டியின் சத்தம் கேட்டாலே உடம்பு விறைக்கும். பயந்த உடம்புக்கு வலி இன்னும் கூடும்.

அந்த நேரத்தில் காதருகே ஒரு பாட்டு ஓடினால் வலி குறையுமா?

இதைக் கேட்கப் புதுச்சேரி பொருத்தமான ஊர். 1908 முதல் 1918 வரை இங்கே வாழ்ந்த பாரதி குயிலுக்குக் காது கொடுத்த தோப்பு கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே லாஸ்பேட்டையைத் தாண்டினால் கோரிமேட்டில் ஜிப்மர். 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது, அங்கே தனித் தீக்காய சிகிச்சைப் பிரிவு உள்ளது. தெற்கே கடலூர் சாலையில் பிள்ளையார்குப்பத்தில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடம் இசை சிகிச்சைக்கென்றே ஒரு மையம் நடத்துகிறது. இசைக் கலைஞரும் ஆய்வாளருமான சுமதி சுந்தர் கட்டி எழுப்பிய மையம் அது. மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இசை சிகிச்சையைப் பாடமாகப் படிக்கும் வாய்ப்பு நம் நாட்டில் அரிது.

சரி, பாட்டு வலியை எப்படித் தொடும்? 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். காயத்திலிருந்து கிளம்பும் செய்தி அப்படியே மூளைக்குப் போவதில்லை. தண்டுவடத்தில் ஒரு கதவு இருக்கிறது, அதை மூளையே மேலிருந்து சாத்தவும் திறக்கவும் முடியும் என்றார்கள். விவரங்கள் பிற்பாடு நிறைய திருத்தப்பட்டன. ஆனால் அடிப்படை நின்றுவிட்டது. 2012-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், கையில் சூடு வைத்தபடி சிலருக்குக் கடினமான நினைவாற்றல் வேலை கொடுத்தார்கள். கவனம் வேலையில் ஊன்றியபோது தண்டுவடத்திலேயே வலிச் செய்தி தணிந்ததை ஸ்கேன் காட்டியது. மார்ஃபினை முறிக்கும் நலாக்சோன் மருந்தைக் கொடுத்ததும் அந்த நிம்மதி கணிசமாகக் குறைந்தது. அதாவது, கவனம் திரும்பினால் உடம்பு தன் சொந்த மார்ஃபினைச் சுரக்கிறது. "மனசை வேற பக்கம் திருப்பு" என்று பாட்டி சொன்னது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை.

இன்னும் விசித்திரமானது 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த எலி ஆய்வு. பாதம் வீங்கிய எலிகளுக்கு இனிய இசை, நாராசமான இசை, வெறும் இரைச்சல் மூன்றையும் கேட்கவிட்டார்கள். மூன்றுமே வலியைக் குறைத்தன! ஒரே நிபந்தனை, அறையின் சத்தத்தைவிட 5 டெசிபல் மட்டுமே கூடுதலாக இருக்க வேண்டும். ஒலியைக் கூட்டினால் பலன் போய்விட்டது. எலிக்குப் பொருந்துவது மனிதருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், இன்ன நோய்க்கு இன்ன ராகம் என்று பட்டியல் போட்டு விற்பவர்களை நான் நம்பாமல் இருக்க இதுவும் ஒரு காரணம். சித்த வைத்தியரும் இசை ஆராய்ச்சியாளருமான தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்கூட 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' எழுதியபோது சுருதிக் கணக்கைத்தான் ஆராய்ந்தார். மருந்துப் பட்டியல் போடவில்லை.

மனிதர்களிடம் கிடைத்த சான்று 2015-இல் 'லான்செட்' இதழில் தொகுக்கப்பட்டது. 73 சோதனைகள், ஏறத்தாழ 7,000 அறுவை சிகிச்சை நோயாளிகள். இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன, வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. மயக்க மருந்தில் நினைவின்றிக் கிடந்தபோது கேட்டவர்களுக்கும் ஓரளவு பலன் இருந்தது. காயக் கட்டு மாற்றும் வேளைக்கான ஆய்வுகள் அளவில் சிறியவை. ஆனால் இசையால் பெரிய பக்கவிளைவு ஏதும் இல்லை என்பதால் துணிந்து முயலலாம்.

முயல்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பாட்டை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும். இளையராஜாவோ நாகூர் ஹனிபாவோ, அவர் இஷ்டம். கட்டைப் பிரிப்பதற்குச் சற்று முன்பே தொடங்கிவிட வேண்டும். நர்ஸ் சொல்வது காதில் விழும் அளவுக்குச் சத்தம் போதும். இயர்போனைத் துடைத்துச் சுத்தம் செய்யாமல் இன்னொருவர் காதில் வைக்கக் கூடாது. காதிலோ முகத்திலோ காயம் என்றால் சிறு ஸ்பீக்கர் நல்லது. சின்னப் பிள்ளை என்றால் கூடவே பாடச் சொல்லலாம். பாடும்போது மூச்சு தானாக நீளும், உடம்பின் விறைப்பு தளரும்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பாட்டு இருக்கிறதே என்று யாராவது வலி ஊசியைத் தள்ளிப்போட்டால் ஒப்புக்கொள்ள வேண்டாம். முதலில் ஊசி, அது வேலை செய்யத் தொடங்கட்டும், அதன் கூடவே பாட்டு.