512 சீட்டு... அதுவும் பக்கத்துப் பக்கத்துல!

ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பர்ல 'பேஜிங்' யூனிட்டை எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி மட்டும் புரட்டுற ஆளா நீங்க? ஒரு நிமிஷம் இங்க வாங்க பாஸ்!

மெமரியை கெர்னல் குட்டிக் குட்டிப் பக்கங்களா வெட்டி வெச்சிருக்கும். சாதாரண பி.சி-யில் ஒரு பக்கம் 4 கே.பி. அப்போ 8 ஜி.பி. ராமில்? சுமார் 21 லட்சம் பக்கம்! எது எங்கே இருக்குனு பிராசஸர் ஒரு பாக்கெட் நோட்டில் குறிச்சு வெச்சுக்கும். அதுதான் டி.எல்.பி. நோட்டில் இல்லைன்னா, மெமரியில் இருக்கும் அட்டவணைகளில் நாலு படி இறங்கித் தேடணும். 2015-ல் வந்த இன்டெல் ஸ்கைலேக் சிப்பில், நோட்டின் பெரிய பகுதியில்கூட 1,536 வரிதான். 4 கே.பி. பக்கம்னா வெறும் 6 எம்.பி-க்குத்தான் காணும்!

அதுக்கு மருந்துதான் 'ஹியூஜ் பேஜ்'. ஒரு பக்கம் 2 எம்.பி. அதே 1,536 வரியில் 3 ஜி.பி. அடங்கிடும். 2011-ல் வந்த லினக்ஸ் 2.6.38, புரோகிராம் கேட்காமலே பெரிய பக்கம் தர ஆரம்பிச்சது.

'அப்புறமென்ன, எல்லாத்தையும் பெருசாக்கிடலாமே'ங்கிறீங்களா? அங்கேதான் சிக்கல். 2 எம்.பி-ன்னா, 512 குட்டிப் பக்கங்கள் பக்கத்துப் பக்கத்துல காலியா இருக்கணும். ரிலீஸ் நாளில் மொத்த காலேஜுக்கும் சேர்ந்தாப்ல சீட் கேட்கிற கதை! தியேட்டர்ல காலி சீட் இருக்கும். ஆனா, அங்கொண்ணு இங்கொண்ணு. கெர்னல் ஒவ்வொருத்தரா 'சார், கொஞ்சம் தள்ளி உட்காருங்க'னு நகர்த்தணும். அதுவரை உங்க புரோகிராம் காத்திருக்க வேண்டி வரலாம். 1 ஜி.பி. பக்கமும் உண்டு. அதுக்கு 2,62,144 சீட்டு! அதனால, பெரும்பாலும் பூட் ஆகும்போதே ரிசர்வ் பண்ணிடுவாங்க.

இன்னொரு அடி, டேட்டாபேஸ்களுக்கு. 'ரெடிஸ்' பேக்கப் எடுக்கும்போது தன்னை ரெண்டா பிரிச்சுக்கும். ரெண்டும் ஒரே பக்கங்களைப் பகிர்ந்துக்கும். ஒரு பைட் மாறினாலும் அந்தப் பக்கத்தையே காப்பி எடுக்கணும். 4 கே.பி-ன்னா ஓகே. 2 எம்.பி-ன்னா? திணறல்தான்! ரெடிஸ் கையேடே இந்த வசதியை ஆஃப் பண்ணச் சொன்னது. 2020-ல் வந்த 5.8 கெர்னல், பெரிய பக்கத்தைப் பிரிச்சு, தேவையான துண்டை மட்டும் காப்பி எடுக்கிற மாதிரி மாத்தியது.

உங்க லினக்ஸில் 'ப்ராக்' ஃபோல்டருக்குள் 'மெம்இன்ஃபோ' ஃபைலைத் திறந்து, 'அனான்ஹியூஜ்பேஜஸ்' வரியைப் பாருங்க. பெரிய பக்கங்களில் எவ்வளவு மெமரி ஓடுதுனு தெரியும்.

நாளைக்கு இன்டர்வியூல 'பெரிய பக்கம் நல்லதா?'னு கேட்டா, பட்டுனு 'ஆமா' சொல்லிடாதீங்க. 'எந்த வேலைக்கு சார்?'னு திருப்பிக் கேளுங்க. பாதி மார்க் அதுலயே விழுந்துடும்!