புதைமணலின் பிடி

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் இருக்கிறது மோர்கம் விரிகுடா. கடல் வற்றினால் சுமார் 300 சதுர கிலோமீட்டருக்கு மணலும் சேறுமாக வெளியே தெரியும். பார்வைக்கு இறுகிய தரைதான். ஆனால் நேற்று குதிரை வண்டி போன இடத்தில் இன்று முழங்கால் வரை இறங்கும். ஆறுகள் அடிக்கடி தடம் மாறுவதால் அங்கே மணலை நம்ப முடியாது.

அதனால்தான் 1548 முதல் இந்த மணல்வெளியைக் கடக்க அரசு நியமித்த வழிகாட்டி ஒருவர் இருந்துவருகிறார். 1963இல் இருந்து 2019 வரை அந்தப் பொறுப்பை வகித்தவர் செட்ரிக் ராபின்சன் என்ற மீனவர். ஆட்கள் கடக்கும் முன்பே போய்க் கோலால் மணலைக் குத்திப் பார்ப்பார். பாதுகாப்பான வழி நெடுக லாரல் மரக்கிளைகளை நட்டு வைப்பார். பின்னால் வருபவர்களுக்கு அதுதான் பாதை.

மணல் ஏன் இப்படிக் கவிழ்க்கிறது? புதைமணலில் மணல் துகள்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதில்லை. இடையில் உப்புத் தண்ணீரும் களிமண்ணும் நிறைந்திருக்க, துகள்கள் சீட்டுக்கட்டு வீடுபோல் அந்தரத்தில் தாங்கி நிற்கின்றன. கால் பட்டதும் அந்த அடுக்கு சரிந்து கூழாகிவிடும். கால் இறங்குகிறது. அடுத்த சில நொடிகளில் தண்ணீர் மேலே பிரிய, மணல் கீழே படிந்து காலைச் சுற்றி இறுகுகிறது. ஆபத்து இந்த இரண்டாவது கட்டத்தில்தான்.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர் டேனியல் பானும் குழுவினரும் ஈரானின் உப்பு ஏரிப் பகுதி மணலை வைத்து இதை ஆராய்ந்தார்கள். 2005இல் நேச்சர் இதழில் முடிவு வெளியானது. மனித உடலின் அடர்த்தியுள்ள அலுமினிய மணிகளை அந்த மணலில் போட்டார்கள். எவ்வளவு குலுக்கியும் பாதிக்கு மேல் அவை மூழ்கவில்லை. காரணம் எளிது: ஒரு லிட்டர் புதைமணலின் எடை சுமார் 2 கிலோ, மனித உடலில் ஒரு லிட்டர் சுமார் 1 கிலோ. அதனால் ஆள் இறங்குவது இடுப்போடு நின்றுவிடும். தலைவரை முழுகுவதாகச் சினிமாவில் காட்டுவது நடக்காத காரியம்.

ஆனால் இறுகிய மணலிலிருந்து காலை நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் உருவ வேண்டுமானால், ஒரு காரைத் தூக்கும் அளவு விசை தேவை. கயிறு கட்டி வேகமாக இழுத்தால் மணல் விடாது, உடம்புதான் காயப்படும்.

உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கடல்நீரும் குளிரும். மோர்கமில் கடலேற்றம் குதிரை ஓட்டத்தை மிஞ்சும் என்பது உள்ளூர்ப் பேச்சு. 2004 பிப்ரவரி 5 இரவு, அங்கே மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேர் சூழ்ந்துவந்த கடலில் இறந்தார்கள். அந்த வேகத்துக்கு முன்னால், மணலில் கால் மாட்டியவருக்கு ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றது.

மீட்புக் குழுவினர் செய்வதைப் பார்த்தாலே வழி புரியும். நீண்ட குழாயைக் காலை ஒட்டி மணலுக்குள் செருகித் தண்ணீரைப் பாய்ச்சுகிறார்கள். மணல் மறுபடி இளகுகிறது, கால் மெல்ல மேலே வருகிறது. தனியாக மாட்டியவரும் இதையே சிறிய அளவில் செய்யலாம். பையைக் கழற்றி எறிந்துவிட்டு, மல்லாக்கச் சாய்ந்து கைகளை விரித்தால் எடை பரவும். பிறகு காலைச் சிறிது சிறிதாக ஆட்டிக்கொண்டே இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். கால் விடுபட்டதும் எழுந்து நிற்காமல், வந்த திசையிலேயே உருண்டோ தவழ்ந்தோ போக வேண்டும்.

இன்னொருவர் மாட்டிக்கொண்டதைப் பார்த்தால் ஓடிப் போய்க் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உறுதியான தரையில் நின்றபடி ஒரு பலகையையோ நீளமான கழியையோ நீட்டுங்கள். கடல் ஏறும் நேரமாக இருந்தால் முதலில் மீட்புக் குழுவை அழையுங்கள்.