மலை இறங்கும் முன் பிரேக்கில் காற்று எடுங்கள்! துணைக்கு ஆள் வேண்டாம், ஒரு புட்டி போதும்

திருமலைக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வண்டிக்குச் சோதனை. 1944-ல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதையில்தான் இன்று வண்டிகள் இறங்குகின்றன. 1974-ல் வந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கு. இறங்கும் வழி ஏறத்தாழ 19 கிலோமீட்டர். அதற்குள் வண்டி சுமார் 700 மீட்டர் உயரம் கீழே வந்துவிடுகிறது.

ஆட்களும் மூட்டைகளுமாக 1,500 கிலோ எடையுள்ள ஒரு வேனை எடுத்துக்கொள்வோம். அந்த இறக்கம் முழுவதையும் பிரேக்கே தாங்கினால் உண்டாகும் சூடு, ஏறத்தாழ 35 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். இரண்டாவது கியரில் இறங்கினால் எஞ்சின் ஒரு பங்கைச் சுமக்கும். நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறவர்களுக்கு அந்தப் பங்கும் பிரேக்கின் தலையில்தான் விழும்.

சித்தூர், புத்தூர், நகரி வட்டாரத்தில் ஒரே ஒரு வேனோ காரோ வைத்துக்கொண்டு பக்தர்களை ஏற்றிப் பிழைக்கும் தமிழன்பர்கள் பலர். முதலாளியும் டிரைவரும் கிளீனரும் ஒருவரேதான். திருமலை மட்டுமல்ல, சித்தூரிலிருந்து பெங்களூர் போகும் வழியில் மொகிலி மலைச்சாலையும் அவர்களுக்கு அன்றாடப் பாதை. பிரேக்கை மிதித்தால் கால் பஞ்சில் அமுங்குவது போலிருந்தால், "அடுத்த வாரம் ஷெட்டில் விடலாம்" என்று தள்ளிப் போடுகிறார்கள். காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும், வீட்டில் ஆளில்லை என்பது காரணம். அந்தக் காரணம் சரியல்ல என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

காற்று எப்படி வருகிறது?

காலால் மிதிக்கும் விசையை, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் கொண்டுபோவது குழாயில் நிறைந்திருக்கும் பிரேக் ஆயில். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. ஆகவே மிதித்த விசை அப்படியே போய்ச் சேரும். நடுவில் காற்றுக் குமிழி இருந்தால் நம் கால் விசை குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகும். இந்தப் பக்கத்துத் தெலுங்கு மெக்கானிக்குகள் காற்றைக் 'காலி' என்பார்கள். தமிழ்க் காதுக்கு அது வேறு பொருள் தந்தாலும், காற்று புகுந்த பிரேக்குக்குப் பொருத்தமான சொல்தான்!

ஆயில் மட்டம் குறைந்தாலோ, ரப்பர் வாஷர் தேய்ந்தாலோ, குழாயைக் கழற்றி மாட்டினாலோ காற்று நுழையும். இன்னொரு வழியும் உண்டு. பலர் அதை நினைப்பதில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காது. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4 ஆயிலுக்கு இந்தக் கணக்கு 230-ம் 155-ம். கொதித்தால் ஆவி, ஆவியும் காற்றைப் போலச் சுருங்கும். ஊருக்குள் ஓடும்போது நன்றாக இருந்த பிரேக், மலையில் பத்தாவது கிலோமீட்டரில் தரையோடு போவது இதனால்தான். எனவே பழைய ஆயிலை வைத்துக்கொண்டு காற்றை மட்டும் எடுப்பதில் பாதிப் பயன்தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிட வேண்டும்.

ரயில்வேக்காரனுக்கு இதில் ஒரு வியப்பு. ரயிலில் பிரேக் குழாய் அறுந்தால் வண்டி தானாக நின்றுவிடும். 1872-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் செய்த ஏற்பாடு அது. காரில் நேர் எதிர். குழாய் அறுந்தால் பிரேக் போச்சு! பிற்காலக் கார்களில் இரண்டு தனித்தனிக் குழாய் வழி வைத்ததால் பாதி பிரேக்காவது மிஞ்சுகிறது.

புட்டி முறை

இருவர் செய்யும் முறை எல்லாருக்கும் தெரியும். ஒருவர் உட்கார்ந்து "மிதிச்சாச்சு" என்பார். மற்றவர் சக்கரத்தடியில் நிப்பிளைத் திறந்து மூடி "விடு" என்பார். மேலே இருப்பவர் ஒரு நொடி முந்திக் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். மனைவியோ பள்ளிக்கூடப் பையனோ உதவ வந்தால் இதனால் வீட்டில் சண்டை வருவதும் உண்டு. தனியாகச் செய்வதில் அந்தத் தொல்லை இல்லை.

வேண்டியவை: வெளியே தெரியும் பிளாஸ்டிக் புட்டி ஒன்று, மீன் தொட்டிக்குக் காற்று விடும் ரகக் குழாய் மூன்றடி, நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், முத்திரை உடைக்காத பிரேக் ஆயில் டின். சென்னைப் பாடியில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா உள்பட நல்ல கம்பெனிச் சரக்கு எங்கும் கிடைக்கிறது. வண்டியின் மூடியில் டாட் 3 என்றிருக்கிறதா, 4 என்றிருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். எஞ்சின் ஆயிலை ஊற்றவே கூடாது, ரப்பர் ஊதிப்போகும்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கி போட்டால் ஸ்டாண்டும் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது வழக்கம்: பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலது. சில வண்டிகளில் குழாய் வழி குறுக்காகப் போவதால் வரிசை மாறும். வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

சக்கரத்தின் உட்புறம் ரப்பர் மூடி போட்ட சிறு நிப்பிள் தெரியும். முதலில் ஸ்பேனரை அதில் மாட்டிவிட்டுப் பிறகு குழாயைச் செருகவும். புட்டியில் ஓர் அங்குலம் புது ஆயில் ஊற்றி, குழாயின் மறுமுனை அதில் மூழ்கியிருக்கும்படி விட்டு, புட்டியை நிப்பிளைவிட உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். இந்த உயரம் முக்கியம். குமிழி மேல்நோக்கிப் போகும், திரும்பி வராது. நிப்பிளைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். இப்போது உள்ளே போய் உட்கார்ந்து பெடலை மெதுவாக மிதித்து, இன்னும் மெதுவாக விடுங்கள். விடும்போது குழாய் சிறிது ஆயிலைத்தான் பின்னே இழுக்கும், காற்றை அல்ல. ரகசியம் இவ்வளவே.

நிப்பிளை அதிகம் தளர்த்தினால் மரை வழியாகக் காற்று கசிந்து குமிழி ஓயாமல் வந்துகொண்டேயிருக்கும். வண்டியில் கோளாறு என்று மயங்க வேண்டாம். சிறிது இறுக்கினால் சரியாகும். பழைய வண்டியில் பெடலைத் தரை வரை அழுத்தாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரின் தேயாத பகுதியில் சேர்ந்த துரு, ரப்பரைக் கிழித்துவிடும். பாதி தூரம் போதும்.

ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை இறங்கி மேல் டப்பாவில் மட்டம் பாருங்கள். தனியாகச் செய்கிறவர்கள் கெடுவது இங்கேதான். டப்பா வற்றினால் செய்ததெல்லாம் வீண், ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். கறுப்பு ஆயில் போய்த் தேன் நிறத்தில் தெளிவாக, குமிழியின்றி வந்ததும் நிப்பிளை மூடி, அதன் பிறகே குழாயை எடுக்கவும். துருப்பிடித்த நிப்பிளை முறுக்கினால் ஒடிந்துவிடும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள்.

அவசரமில்லாதவர்கள் மிதிக்கவே வேண்டாம். நிப்பிளைத் திறந்து, மேல் மூடியையும் தளர்த்தி வைத்தால் ஆயில் தானாகச் சொட்டி இறங்கும். ஒரு சக்கரத்துக்கு அரை மணி ஆகலாம். பிடிவாதமான குமிழி எல்லா வண்டியிலும் இதற்கு மசியாது. டிஸ்க் பிரேக் மோட்டார் சைக்கிளுக்கோ வேலை இன்னும் எளிது: லீவரும் நிப்பிளும் கைக்கு எட்டும் தூரம். அடியிலிருந்து ஊசிப் பீச்சாங்குழலால் ஆயிலை மேலே ஏற்றுவாரும் உண்டு. மேல் டப்பா வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்போது ஷெட்டுக்குப் போவது?

வேலை முடிந்ததும் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கல் மாதிரி நின்றால் சரி. மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போய்விட்டது. எவ்வளவு காற்று எடுத்தாலும் பயனில்லை. முதல் மிதியில் ஆழம் போய் இரண்டாவது மிதியில் மேலே நின்றால், பின் டிரம்மில் லைனிங் இடைவெளி அதிகம். 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். அந்தப் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால் அதற்குரிய கருவி வைத்திருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். பஸ், லாரிக்காரர்களுக்கு இந்த முறை பொருந்தாது. அங்கே காற்றுதான் வேலைக்காரன். டாங்கியில் சேரும் தண்ணீரைத் தினம் திறந்துவிட்டால் போதும்.

தெருவில் மெதுவாக நாலு தடவை நிறுத்திப் பார்த்த பிறகே மலைக்கு எடுங்கள். இறக்கத்தில் பெடல் இளகுவது தெரிந்தால், கீழ்க் கியருக்கு மாறி, கிடைத்த ஒதுக்கிடத்தில் நிறுத்தி ஆறவிடவும். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. டிரம் வெடிப்பு விடும்.

பெயின்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லையேல் பெயின்ட் உரிந்து வரும். வடித்த ஆயிலை மறுபடி வண்டியில் ஊற்றாதீர்கள், சாக்கடையிலும் கொட்டாதீர்கள். பழைய எஞ்சின் ஆயில் எடுக்கிற ஷெட்டில் கேட்டுக் கொடுத்துவிடலாம். அதுவரை புட்டியின் மேல் 'விஷம்' என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத பரணில் வையுங்கள். பார்வைக்கு அது சர்பத் போலவே இருக்கும்.