அழுத்தம் எங்கே தொலைந்தது?

சென்ற வருடம் எமது சஞ்சிகையில் வரவிருந்த ஒரு சிறுகதைக்குப் படம் வரைந்து தருவதாகத் தமிழ் டீச்சரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். கதையில் ஒரு மூதாட்டி பன்பாய் இழைக்கிறாள். பாயின் மெல்லிய இழைகளையும் அவளது கைச் சுருக்கங்களையும் கோட்டின் தடிப்பாலும் மென்மையாலும்தான் காட்ட முடியும். என்னிடம் இருந்தது நானா பாவித்துவிட்டுத் தந்த பழைய வரையும் டெப்லட். படத்தை ஒப்படைக்க ஆறு நாட்களே இருந்தன.

நானா வைத்திருந்த பழைய ட்ரைவர் எங்கள் மடிக்கணினியில் சரியாக இயங்கவில்லை. ஐ.சி.டி. டீச்சரின் ஆலோசனைப்படி ‘ஓபன் டெப்லட் ட்ரைவர்’ என்ற மென்பொருளை நிறுவினேன். ட்ரைவர் என்பது டெப்லட் சொல்வதைக் கணினிக்கு விளங்க வைக்கும் மொழிபெயர்ப்பாளர் போன்றது. இது திறந்த மூல மென்பொருள், இலவசமானது. விண்டோஸ், லினக்ஸ், மெக் மூன்றிலும் இயங்கும். பல நிறுவனங்களின் டெப்லட்டுகளுக்கு இது ஒன்றே போதும். நமது மாதிரி அதன் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிறுவியதும் பேனா போன இடமெல்லாம் திரையில் அம்புக்குறியும் போனது. மகிழ்ச்சியோடு கிரிட்டா மென்பொருளைத் திறந்து ஒரு கோடு இழுத்தேன். மெதுவாக இழுத்தாலும் அழுத்தி இழுத்தாலும் ஒரே தடிப்புத்தான். கம்பி வளைத்து ஒட்டியது போல இருந்தது.

கடையில் காட்டினோம். “பேனா பழுது. புதுப் பேனாவுக்கு 9,000 ரூபா போகும்” என்றார்கள். உம்மா பாடசாலைச் சீருடை தைத்துச் சேர்த்த காசு அது. கொடுக்க அவர் தயாராகத்தான் இருந்தார். எனக்குத்தான் கேட்க வாய் வரவில்லை. அன்றிரவு தையல் மெசினுக்குப் பக்கத்தில் வாடிப்போய் இருந்த என்னைப் பார்த்து உம்மா சொன்னார்:

“மகள், தையல் விட்டுப் போனா நான் மெசினயா மாத்துறேன்? ஊசியப் பாக்கிறேன், நூல் கோத்த வழியப் பாக்கிறேன், பொபினப் பாக்கிறேன். நீங்களும் ஒவ்வொண்டாப் பாருங்க.”

உம்மாவுக்குக் கணினி தெரியாது. ஆனால் எனக்குத் தேவையாக இருந்தது அந்த ஒழுங்குதான்.

நூலுக்கு ஒரு வழி இருப்பது போல அழுத்தத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. என்னுடையதைப் போன்ற பற்றரி இல்லாத பேனாவுக்குள் ஒரு சிறிய கம்பிச் சுருள் உண்டு. டெப்லட் ஒரு மின்காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அதிலிருந்தே சுருள் சக்தியைப் பெற்றுப் பதில் அனுப்புகிறது. நுனியை அழுத்தும்போது அந்தப் பதில் மாறுகிறது. டெப்லட் அம்மாற்றத்தை ஓர் எண்ணாக்குகிறது. 8192 அழுத்தப் படிகள் என்று பெட்டியில் எழுதியிருந்தால் அது 2இன் 13ஆம் வலு; எண்கள் 0இலிருந்து 8191 வரை போகும். அந்த எண் ட்ரைவருக்குப் போய், அங்கிருந்து விண்டோஸுக்குப் போய், கடைசியில் வரையும் மென்பொருளின் தூரிகைக்கு வந்து சேர வேண்டும். இடையில் எங்கே அறுந்தாலும் நமக்குத் தெரிவது ஒரே குறைதான்: கோடு தடிக்காது. ஆகவே குறையைப் பார்த்து இடத்தைச் சொல்ல முடியாது. ஒவ்வோர் இடமாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலாவது, பேனா. ஓபன் டெப்லட் ட்ரைவரின் ‘டெப்லட்ஸ்’ மெனுவில் ‘டெப்லட் டிபகர்’ என்றொரு ஜன்னல் இருக்கிறது. டெப்லட் அனுப்பும் எண்களை அது அப்படியே காட்டும். பேனாவை மெல்ல வைத்து, பிறகு அழுத்தினேன். அழுத்தத்துக்குரிய எண் ஏறியது. கையை எடுத்ததும் 0 ஆனது. பேனா நல்ல சுகம்! 9,000 ரூபா தேவையில்லை என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்தது.

இரண்டாவது, வேறு ட்ரைவர். ஒரே டெப்லட்டை இரண்டு ட்ரைவர்கள் பிடித்து இழுத்தால் வேலை குழம்பும். பழையதை முற்றாக நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி இயக்கினேன். கோடு மாறவில்லை.

மூன்றாவது, ட்ரைவரின் இயங்குமுறை. இங்கேதான் முதல் முடிச்சு இருந்தது. நான் விட்டு வைத்திருந்தது ‘அப்சொலூட் மோட்’. விண்டோஸில் இந்த முறை பேனாவை ஒரு மௌஸ் போலவே காட்டுகிறது. மௌஸுக்கு இருக்கும் இடம் தெரியும், சொடுக்குத் தெரியும், அழுத்தம் தெரியாது. எண் ட்ரைவர் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. இதற்கு ‘வீமல்டி’ என்னும் சிறிய ட்ரைவரை நிறுவ வேண்டும். பிறகு பிளகின் பட்டியலிலிருந்து ‘விண்டோஸ் இங்க்’ என்பதைச் சேர்க்க வேண்டும். அதன்பின் ‘விண்டோஸ் இங்க் அப்சொலூட் மோட்’டைத் தெரிவு செய்து, பேனா நுனிக்குரிய கட்டளையும் விண்டோஸ் இங்க்கின் பேனா நுனியாக இருக்கிறதா என்று பார்த்துச் சேமிக்க வேண்டும். லினக்ஸ் பாவிப்போருக்கு இவ்வளவு வேலையில்லை. ‘ஆர்டிஸ்ட் மோட்’டைத் தெரிவு செய்தால் அழுத்தம் போகும்.

அப்படியும் கிரிட்டாவில் கோடு தடிக்கவில்லை. முந்திய நான் என்றால் அப்போதே ‘பேனாதான் பழுது’ என்று முடிவு கட்டியிருப்பேன். டிபகரில் கண்ட எண்தான் என்னை நிறுத்தி வைத்தது.

நான்காவது, வரையும் மென்பொருள். கிரிட்டாவின் டெப்லட் அமைப்புகளில் பேனாவின் செய்தியைப் பெற இரண்டு வழிகள் உண்டு: ஒன்று ‘விண்டேப்’, மற்றது ‘விண்டோஸ் இங்க்’. ட்ரைவர் ஒரு வாசலில் நிற்க, கிரிட்டா மற்ற வாசலைப் பார்த்துக் காத்திருந்தது. விண்டோஸ் இங்க் என மாற்றி, கிரிட்டாவை மூடித் திறந்தேன். ஒரு கோடு இழுத்தேன். மயிர் போலத் தொடங்கி, நடுவில் தடித்து, மறுபடி மெலிந்து முடிந்தது. “உம்மா!” என்று நான் போட்ட சத்தத்தில் அவர் தைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார்.

இன்னும் இரண்டு சிறு விடயங்கள். மிக அழுத்தினால்தான் கோடு விழுகிறது என்றால் ட்ரைவரில் நுனிக்குரிய தொடக்க எல்லை கூடுதலாக இருக்கலாம். அதைக் குறைத்துப் பாருங்கள். ஒரு தூரிகையில் தடிக்கும் கோடு இன்னொன்றில் தடிக்காவிட்டால் பழுது என்று எண்ண வேண்டாம். சில தூரிகைகள் அழுத்தத்தைக் கவனிக்காதபடியே ஆக்கப்பட்டவை.

பேனா ஒருபோதும் பழுதாகாது என்று நான் சொல்லவில்லை. என் வகுப்புத் தோழி ஒருத்தியின் டெப்லட்டில் பேனா தொடாமலே கோடு விழுந்தது. டிபகரில் பார்த்தபோது, நுனி காற்றில் இருக்கும்போதே அழுத்த எண் 0க்கு இறங்கவில்லை. நுனியைக் கழற்றி, துளையில் இருந்த தூசைத் துடைத்து, புது நுனி போட்டோம். பெட்டியோடு வந்த உபரி நுனிகள் இருந்தன. எண் 0 ஆனது. அதன் பிறகும் இறங்காமல் இருந்திருந்தால், அல்லது எவ்வளவு அழுத்தியும் எண் ஏறாமல் இருந்திருந்தால், அவளும் புதுப் பேனா வாங்கத்தான் வேண்டும். அப்போதும் அது ஊகத்தில் செய்த செலவாக இராது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை “பேனா பழுதாகிவிட்டது” என்று வந்தால் ஏசவும் வேண்டாம், உடனே காசை எடுக்கவும் வேண்டாம். “அழுத்தும்போது எண் ஏறுகிறதா, காட்டுங்கள்” என்று கேளுங்கள். அதைப் பார்க்க உங்களுக்குக் கணினி தெரிய வேண்டியதில்லை.

படத்தை ஐந்தாம் நாள் இரவு முடித்தேன். உம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டு, மூதாட்டியின் விரல்களை நெடுநேரம் பார்த்தார். “பன்ன இழுக்கிற விரல்லதான் கோடு கனமா ஈக்குது, சரிதான்” என்றார். அந்த 9,000 ரூபாவில் அடுத்த வாரம் சீருடைத் துணி வாங்கினார்.