சங்கக் கணக்குக்கு ஒரு மாற்றுப் பிரதி

கிராமத்துச் சங்கங்கள் பலவற்றில் அங்கத்தவர் விபரம், கடன், சேமிப்பு, கூட்ட அறிக்கை என்பன இன்று பேரேட்டை விட்டுக் கணினிக்குப் போய்விட்டன. பேரேட்டைக் கறையான் அரிக்க மாதங்கள் செல்லும். வன்தட்டோ ஒரு கணத்தில் செயலிழந்துவிடும். தொண்டைமானாறு போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்றும் அதற்குத் துணைநிற்கிறது. ஒரே பிரதியை நம்பியிருப்பதன் விலை நமக்குத் தெரியாததன்று. 1981 இல் யாழ். பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறிடத்தில் பிரதி இருந்த நூல்களைப் பின்னர் தேடிப்பெற வழியிருந்தது; ஒற்றைப் பிரதியாயிருந்த சுவடிகள் போனவை போனவைதாம்.

பிரதி எடுக்கவேண்டும் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வர். எடுப்பவர் சிலரே. இதற்குச் சோம்பலை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் கணினிகளில் 'டுப்ளிசிற்றி' என்ற திறமான மென்பொருள் முன்னரே இருந்தது. முதலில் முழுப் பிரதி எடுத்து, பின்னர் மாறியவற்றை மட்டும் சேர்த்து, எல்லாவற்றையும் கடவுச்சொல்லால் பூட்டி வைக்கும். ஆனால் அதை இயக்க நீண்ட கட்டளைகளைத் தட்டச்சிட வேண்டும். சங்கச் செயலாளர் ஒருவரிடம் அதை எதிர்பார்க்கலாமா?

மைக்கல் ரெரி என்னும் நிரலாளர் இதற்கு ஓர் எளிய முகப்பை அமைத்து, 'டெஜா டுப்' எனப் பெயரிட்டார். க்னோம் என்ற மேசைத்தளத்தின் தோற்றத்துக்கும் பழக்கத்துக்கும் இசைவாக அது அமைந்தது. எதைக் காப்பது, எதை விடுவது, எங்கே வைப்பது, எத்தனை நாளுக்கொருமுறை எடுப்பது: கேட்பது இவ்வளவே. 2011 ஒக்ரோபரில் வெளிவந்த உபுண்டு 11.10 இல் இது கணினியோடு கூடவே வந்தது. திரை, ஒலி முதலியவற்றைச் சீர்செய்யும் அமைப்புப் பகுதியிலேயே இதற்கும் இடம் கிடைத்தது. தேடி நிறுவவேண்டிய பொருளைப் பலர் தேடுவதில்லை. கண்முன் இருப்பதையே பாவிக்கிறார்கள். குறித்த நாளில் மின்சாரம் இல்லாவிட்டாலும், வெளித்தட்டு இணைக்கப்படாவிட்டாலும், வசதி கிடைத்ததும் அது வேலையைத் தொடரும்.

கடன் விபரம் பிறர் கண்ணில் படக்கூடாததால் கடவுச்சொல் அவசியம். அது மறந்துபோனால் பிரதியும் பயனற்றது. ஆகவே இம்மென்பொருள் இடைக்கிடை கடவுச்சொல்லை மீண்டும் கேட்டு, சிறிதளவை மீட்டுப்பார்த்துச் சோதிக்கும். சிலருக்கு இது தொல்லையாகத் தோன்றும். என் மதிப்பில் இதன் மிகச் சிறந்த அம்சம் இதுவே. கடவுச்சொல்லை எழுதி, உறையிலிட்டு, தலைவரிடமும் ஒன்று கொடுத்து வைப்பது நல்லது.

இலகுவான கருவி சிலவற்றைக் கண்ணுக்கு மறைத்தும்விடும். நாமாக மாற்றாவிட்டால், பதிவிறக்கக் கோப்புறையை இது பிரதியெடுக்காது. மின்னஞ்சலில் வந்த கணக்கறிக்கைகள் பெரும்பாலும் அங்கேதானே கிடக்கின்றன! வெளித்தட்டைக் கணினி மேசையின் லாச்சிக்குள்ளேயே வைப்பதும் வீண். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையில் வீடுகளை உடைமைகளோடு கொண்டுபோயிற்று. இரண்டு தட்டுகளை மாறிமாறிப் பாவித்து, ஒன்றைக் கரையைவிட்டு உள்ளே, அச்சுவேலிப் பக்கத்து அங்கத்தவர் ஒருவரின் வீட்டில் வைக்கலாம். அடுத்த நிருவாகசபைக் கூட்டத்துக்கு முன்னர், சென்ற வருடத்துக் கோப்பு ஒன்றை அத்தட்டிலிருந்து மீட்டு, வேறொரு கோப்புறையில் இட்டு, திறந்து பாருங்கள்.