வானமே கூரையாக: கல்வராயன் மலையடிவாரத்தில் நம் வழிபாட்டு ஆண்டு



வழிபாடு என்றவுடன் நம் மனக்கண் முன் வந்து நிற்பது ஆலயம்தான். பீடம், நற்கருணைப் பேழை, அணையா விளக்கு, பாடகர் குழு என்று நான்கு சுவர்களுக்குள் நடப்பதையே வழிபாடு என்று எண்ணப் பழகியிருக்கிறோம். ஆனால் ஓராண்டில் எத்தனை முறை நாம் ஆலயத்தை விட்டு வெளியே வந்து செபிக்கிறோம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? குருத்து ஞாயிறு பவனி, பாஸ்கா இரவில் முற்றத்தில் மூட்டும் புதுத் தீ, தவக்காலத்துச் சிலுவைப் பாதை, நற்கருணைப் பவனி, பங்குத் திருவிழாவின் கொடியேற்றமும் தேர்ப்பவனியும், கெபி முன்னால் செபமாலை, வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை, நவம்பர் 2இல் கல்லறைத் தோட்டத் திருப்பலி. இவை எல்லாமே வானத்தின் கீழ் நடப்பவை.

வெளியே வருகிறோம், உண்மைதான். ஆனால் வந்து நிற்கும் இடத்தைப் பார்க்கிறோமா? ஒலிபெருக்கியையும் மின்விளக்கு அலங்காரத்தையும் கவனிக்கிற நாம், காலடியில் இருக்கும் மண்ணையும், அது எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதையும் கவனிக்கிறோமா? கள்ளக்குறிச்சிப் பகுதியில் வாழும் நமக்கு மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. அதன் மழைதான் நம் ஏரிகளிலும் வயல்களிலும் வந்து சேர்கிறது. திருச்சபையின் ஆண்டும் இந்த மண்ணின் ஆண்டும் எங்கே கைகோர்க்கின்றன என்று சற்றுச் சிந்திப்போம்.

விவிலியம் காட்டும் திறந்தவெளி

இஸ்ரயேல் மக்களின் பெருவிழாக்கள் வயலோடு பிணைந்தவை. அறுவடையின் முதல் கதிர்க்கட்டை ஆண்டவர் திருமுன் கொண்டுவரச் சொல்கிறது லேவியர் நூல் (23ஆம் அதிகாரம்). அதிலிருந்து ஐம்பதாம் நாளில் கோதுமை அறுவடைக்கு நன்றி சொன்னார்கள். அந்த நாளில்தான் திருத்தூதர்கள் மேல் தூய ஆவியார் பொழியப்பட்டார். ஆண்டின் இறுதி விளைச்சலைச் சேர்த்தபின் கூடாரப் பெருவிழாவின்போது ஏழு நாள்கள் வீட்டை விட்டு வெளியேறி, கிளைகளால் வேய்ந்த பந்தல்களில் தங்கினார்கள். பாலைநிலத்தில் கடவுள் தங்களை நடத்தி வந்ததை மறவாதிருக்க அவர்களுக்கு அந்த ஏழு நாள்கள் தேவைப்பட்டன.

நம் ஆண்டவர் இயேசுவும் தொழுகைக்கூடத்திற்குச் சென்றார். எருசலேம் கோவிலுக்கும் சென்றார். ஆனால் இரவெல்லாம் செபித்தது மலையில். பேறுபெற்றோரைப் பற்றிப் போதித்தது மலையில். உருமாறியதும் மலையில். இரத்த வியர்வை சிந்தியது ஒலிவத் தோட்டத்தில். விதைப்பவர், கடுகு விதை, அத்திமரம், திராட்சைக்கொடி, குருவி, காட்டுப் பூ என்று அவர் எடுத்துச் சொன்னவை எல்லாம் கேட்டவர்களின் கண்ணெதிரே இருந்தவை. அந்த உவமைகளை நகரத்துப் பிள்ளைகளுக்கு நாம் விளக்க வேண்டியிருக்கிறது. மரவள்ளியும் கரும்பும் நெல்லும் விளையும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வயலைக் காட்டினாலே போதும்.

திருச்சபை என்ன சொல்கிறது?

திறந்தவெளி வழிபாடு பற்றி இருவிதத் தவறான எண்ணங்கள் உண்டு. ஒன்று, அது புதுமை விரும்பிகளின் வேலை என்பது. மற்றொன்று, இயற்கையில் கடவுளைக் காணலாம், எனவே ஆலயத்திற்கு வர வேண்டியதில்லை என்பது.

முதல் எண்ணத்திற்கு வரலாறே பதில். 5ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் வியன் நகர ஆயர் புனித மாமெர்துஸ், பேரிடர்களால் துன்புற்ற தம் மக்களோடு நோன்பிருந்து, விண்ணேற்றப் பெருவிழாவுக்கு முந்தைய மூன்று நாள்கள் மன்றாட்டுப் பவனி நடத்தினார். அதுவே வயல்களைச் சுற்றி வந்து புனிதர்களின் மன்றாட்டுமாலை பாடி, பயிரை ஆசீர்வதிக்கும் வழக்கமாக மேலைத் திருச்சபை முழுவதும் பரவியது. 1969இல் வழிபாட்டு நாள்காட்டி சீரமைக்கப்பட்டபோது, நிலத்தின் விளைவுக்காகவும் மனித உழைப்புக்காகவும் மன்றாடும் இந்நாள்களை அந்தந்த நாட்டின் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளும் பொறுப்பு ஆயர் பேரவைகளிடம் விடப்பட்டது.

இரண்டாவது எண்ணத்திற்குத் திருச்சபைச் சட்டம் 932 பதில் தருகிறது. திருப்பலி புனித இடத்தில்தான் நிறைவேற்றப்பட வேண்டும். தேவை ஏற்படும்போது தகுதியான வேறு இடத்தில் நிறைவேற்றலாம். அங்கும் தகுந்த மேசையும், அதன்மேல் துணியும் திருமேனித் துகிலும் இருக்க வேண்டும். ஆகவே மலையும் தோப்பும் ஆலயத்திற்கு மாற்று அல்ல. ஆலயத்தில் நாம் ஒப்புக்கொடுப்பது எதை என்று நினைவூட்டும் இடங்கள் அவை. அப்பம் நிலத்திலிருந்து வருகிறது. இரசம் கொடியிலிருந்து வருகிறது. தாம் மலைப்பாதைச் சிற்றாலயங்களிலும் ஏரிக்கரைகளிலும் கடற்கரைகளிலும் நிறைவேற்றிய திருப்பலிகளை, திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 2003இல் எழுதிய நற்கருணை பற்றிய சுற்றுமடலில் நினைவுகூர்கிறார். சிற்றூர்க் கோவிலின் எளிய பீடத்தில் நடந்தாலும் நற்கருணை உலகம் என்னும் பீடத்தின்மேல் கொண்டாடப்படுகிறது என்பதே அவர் கருத்து.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலும் இதையே விரித்துரைக்கிறது. நீர், எண்ணெய், தீ, நிறங்கள் ஆகிய படைப்புப் பொருள்களைக் கொண்டே அருளடையாளங்களில் கடவுள் நம்மைத் தொடுகிறார். திருத்தந்தை பதினான்காம் லியோ, படைப்பைப் பேணுவதற்கான புதிய திருப்பலி வாய்பாட்டைப் பயன்படுத்தி 2025 ஜூலை 9 அன்று காஸ்தெல் கந்தோல்ஃபோ தோட்டத்தில் திறந்தவெளியில் திருப்பலி நிறைவேற்றினார்.

நம் மண்ணின் ஆறு பருவங்களில்

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தார்கள். வழிபாட்டு ஆண்டை அவற்றோடு வைத்துப் பார்ப்போம்.

கூதிர் (ஐப்பசி, கார்த்திகை): வடகிழக்குப் பருவமழைக் காலம். கல்லறைத் திருநாளில் பெரும்பாலும் குடை பிடித்துக்கொண்டே நிற்கிறோம். இறந்தோரை விதைத்த மண் நனைந்து, புல் முளைத்திருக்கும். அழிவுக்குரியதாய் விதைக்கப்படுவது அழியாததாய் எழும் என்ற பவுலடியாரின் போதனைக்கு (1 கொரி 15) இதைவிட நல்ல விளக்கம் வேண்டுமா? தொடர்ந்து வருவது திருவருகைக் காலம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கடலின் கொந்தளிப்பால் மக்கள் கலங்குவார்கள் என்றும், அப்போது தலைநிமிர்ந்து நில்லுங்கள் என்றும் ஆண்டவர் சொல்லும் லூக்கா 21ஆம் அதிகாரமே அன்றைய நற்செய்தி. அந்த நாள்களில் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்களில் ஊர்களும் வயல்களும் வெள்ளத்தில் தவித்தன, தென்பெண்ணை கரைபுரண்டது. இயற்கையோடு ஒன்றுவது என்றால் அழகைப் பார்த்து மகிழ்வது மட்டுமல்ல. பயிர் இழந்தவரோடு சேற்றில் நின்று செபிப்பதும், செபித்தபின் கைகொடுப்பதும் அதில் அடங்கும்.

முன்பனி (மார்கழி, தை): பனி இறங்கும் இரவில் கிறிஸ்து பிறப்பு. இடையர்கள் செய்தியைக் கேட்டது வயல்வெளியில்தான். தை பிறந்ததும் பொங்கல். ஆலய முற்றத்தில் புதுப்பானை வைத்து, புதிய அரிசியும் கரும்பும் மஞ்சளும் காணிக்கையாகக் கொண்டுவரும் நன்றித் திருப்பலி, லேவியர் நூலின் முதல் கதிர்க்கட்டுக்கு நம் மண் தரும் வடிவம். பயிர் விளைவுக்காக மன்றாடவும் நன்றி கூறவும் நமக்கு இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

பின்பனி (மாசி, பங்குனி): தவக்காலம். கல்வராயனின் இலையுதிர் காடுகள் இந்நாள்களில் இலைகளை உதிர்த்து வெறும் கிளைகளோடு நிற்கும். ஓடைகள் மெலியும். நாம் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளும் வேளையில் மலையும் நோன்பிருப்பது போலத் தோன்றும். மரம் இலையை உதிர்ப்பது சாவதற்காக அல்ல. வறட்சியில் நீரைக் காத்துக்கொண்டு பிழைப்பதற்காக. நாமும் வேண்டாதவற்றை விட்டுவிட நோன்பு கற்றுத் தருகிறது.

இளவேனில் (சித்திரை, வைகாசி): மார்ச் 21 அல்லது அதற்குப்பின் வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறே உயிர்ப்புப் பெருவிழா. ஆகவே புனித வாரத்துக்குள்ளேயே முழுநிலவு வந்துவிடும். பாஸ்கா இரவில் மின்விளக்குகளை அணைத்துப் புதுத் தீயைச் சுற்றி நிற்கும்போது, ஒரு கணம் வானத்தையும் பாருங்கள். எகிப்தை விட்டுப் புறப்பட்ட மக்கள் கண்டது இந்தப் பருவத்து நிலவைத்தான். வேம்பு பூப்பதும் புங்கன் தளிர்ப்பதும் இதையொட்டியே. மழை வருமுன்னே மரம் தளிர்ப்பதைப் பார்த்தால், உயிர்ப்பின் நம்பிக்கை என்னவென்று புரியும்.

முதுவேனில் (ஆனி, ஆடி): பொதுக்காலத்தின் பச்சை உடை. ஆடிப் பட்டம் தேடி விதை என்பது பழமொழி. வழிபாட்டு முதல் ஆண்டில், பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு, அதாவது ஆடி பிறப்பதை ஒட்டி, விதைப்பவர் உவமை வாசிக்கப்படுகிறது. அன்று விதைகளைக் கூடையில் கொண்டுவந்து மந்திரித்து எடுத்துச் செல்லலாம். அன்பிய மக்கள் ஒரு வயல் வரப்பில் கூடி 65ஆம் திருப்பாடலைச் செபிக்கலாம்.

கார் (ஆவணி, புரட்டாசி): செப்டம்பர் 1 முதல் புனித அசிசி பிரான்சிசின் திருநாளான அக்டோபர் 4 வரை 'படைப்பின் காலம்' என உலகெங்கும் கிறிஸ்தவர்கள் பல சபைகளாக இணைந்து செபிக்கிறார்கள். செப்டம்பர் முதல் நாளை ஆர்த்தடாக்ஸ் திருச்சபை 1989 முதல் செப நாளாகக் கடைப்பிடித்தது. கத்தோலிக்கத் திருச்சபைக்கு 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதை ஏற்படுத்தினார். நமக்கோ அது மேகம் திரளும் காலம். அன்னையின் பிறப்பு விழாவுக்குப் பாதயாத்திரை செல்லும் காலம். நடந்த வழியெல்லாம் நெகிழிக் குவளைகளை விட்டுச் சென்றால் அந்த யாத்திரை எதற்குச் சாட்சி?

மலைக்குச் செல்லும்போது

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பளவு கொண்டது. கோமுகி, மணிமுத்தாறு ஆகியவற்றின் நீர் இங்கிருந்தே இறங்கி, வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது. மேலே ஒரு காடு அழிந்தால் கீழே நம் கிணறு வற்றும். மலைக்காகச் செபிப்பதும் நம் குடிநீருக்காகச் செபிப்பதும் ஒன்றே.

அது ஆளில்லாத காடும் அல்ல. மலையாளி பழங்குடி மக்களின் இல்லம் அது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து, தங்கள் வழிபாட்டு இடங்களோடும் மரபுகளோடும் வாழும் மக்கள் அவர்கள். நாம் அங்கே விருந்தினர். எனவே பங்கிலிருந்து மலைக்குச் செபிக்கச் செல்லும்போது சிலவற்றை மனத்தில் கொள்வோம். காப்புக்காட்டில் நுழைய வனத்துறை அனுமதி பெற வேண்டும். காட்டில் ஒலிபெருக்கி வேண்டாம். தவக்காலமும் கோடையும் காட்டுத்தீ பரவும் காலம். மெழுகுவர்த்தியோ கற்பூரமோ ஏற்றலாகாது. கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். திருப்பலி என்றால் பங்குத்தந்தையின் முன்னேற்பாட்டோடும், சட்டம் கேட்கும் மரியாதையோடும் நடக்கட்டும்; இறைவார்த்தை வழிபாடு, செபமாலை, சிலுவைப் பாதை ஆகியவற்றை அன்பியங்களே நடத்தலாம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருப்பதும் செபமே.

நம் மண்ணில் இதற்கு முன்னோடி உண்டு

விருத்தாசலம் அருகே கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோவில் எழுப்பியவர் வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்த அவர், புனித யோசேப்பின் வரலாற்றைத் தேம்பாவணியாகப் பாடியபோது, தமிழ்க் காப்பிய மரபின்படி நாட்டுப் படலத்தோடு தொடங்கினார். யூதேயா நாட்டின் மழையையும் ஆற்றையும் வயலையும் தமிழ் நிலமாகவே வருணித்தார். மீட்பின் வரலாற்றைத் தமிழருக்குச் சொல்ல மழையிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நாமும் சிறிய அளவில் தொடங்கலாம். மறைக்கல்வி வகுப்பில் வழிபாட்டு நிறங்களோடு தமிழ் மாதங்களையும் பருவங்களையும் சொல்லிக்கொடுப்போம். இறைமக்கள் மன்றாட்டில் மழை, விதைப்பு, அறுவடை ஆகியவற்றை அந்தந்த வேளையில் சேர்ப்போம். உறுதிபூசுதல் பெறுவோர் ஆளுக்கு ஒரு மரம் நட்டு வளர்க்கட்டும். ஆலயக் கதவைத் திறந்து வெளியே வரும் ஒவ்வொரு முறையும், "ஆண்டவரே, எந்தப் பருவத்தில் நிற்கிறோம்? இந்தப் பருவத்தில் யார் துன்பப்படுகிறார்கள்?" என்று கேட்டுவிட்டு அடுத்த அடி வைப்போம்.

விதைக்கும் காலத்தையும் அறுக்கும் காலத்தையும் நமக்குத் தந்த தந்தையாம் கடவுள், நம் வயல்களையும் மலைகளையும் அவற்றில் வாழும் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.