நேபாளத்தில் வண்டி மக்கர் செய்தால்? வாரண்டி எல்லை தாண்டுவது கஷ்டம்!

வில்லியனூர், பாகூர் பக்கம் புது மோட்டார் சைக்கிள் எடுத்த கையோடு நேபாளம் கிளம்பும் வாலிபர்கள், முதலில் வாரண்டி புத்தகத்தைப் புரட்டுவது நல்லது.

இந்தியருக்கு அங்கே விசா வேண்டாம். சுனௌலி எல்லையில் ‘பன்சார்’ என்ற சுங்கச் சீட்டு வாங்கினால், புதுச்சேரி நம்பர் வண்டியும் உள்ளே போகலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான்.

காத்மாண்டுவிலும் பஜாஜ், ஹீரோ ஷோரூம்கள் உண்டு. போர்டு ஒன்றுதான், முதலாளி வேறு! அங்கே வண்டியை இறக்கி விற்பது தனி கம்பெனி. இங்கே விற்ற வண்டிக்கு ஓசியில் பார்ட்ஸ் மாட்டினால் அந்தப் பணத்தை அவருக்கு யார் கொடுப்பது? அதனால்தான் பெரும்பாலும் வாரண்டி விற்ற நாட்டோடு நின்றுவிடுகிறது.

கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ தேய்ந்தால் உள்ளூரிலேயே வாரண்டி கிடையாது. ஆனால் எஞ்சின் கோளாறு என்றால், வழியில் கண்ட மெக்கானிக்கிடம் பிரிக்கக் கொடுக்காமல், லாரியில் ஏற்றி கோரக்பூர் கொண்டுவந்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் விடுவதே மேல். வெளி ஆள் கை வைத்த எஞ்சினுக்கு வாரண்டி கேட்டால் கை விரித்துவிடுவார்கள்.

இங்கும் தட்டிக் கழித்தால்? 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் இடத்திலேயே புகார் செய்யலாம். கடலூரில் வாங்கிய வண்டிக்கும் பாகூர்க்காரர் புதுச்சேரியிலேயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. கெடு 2 ஆண்டு. பில், ஜாப் கார்டு கையில் வேண்டும். நம்ம ஆட்கள் முதலில் தொலைப்பதும் அதைத்தான்!